ரெபேக்காவுக்குக் கிடைத்த முதல் வார்த்தை

ஜெயசீலன் ஒரு குலை இளநீரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின வாரம் அவருடைய தோப்புக்குள் யானை புகுந்து இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. யானை தள்ளிய மரத்துக் காயைத்தான் எனக்குக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக என் வீட்டுப் படி ஏறாத மனுஷன்.

"டீச்சர், நல்லாருக்கீங்களா? உள்ள வரலாமுங்களா?"

ஜெயசீலன் எங்கள் சபையின் செயலாளர். தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் சின்ன ஊர், அதற்கேற்ற சின்ன சபை. பாஸ்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஜெயசீலன் மட்டும் அப்படியே இருப்பார். கடைவீதியில் குழாய்க் கடை, கிணறு ஆழப்படுத்த வாடகைக்கு விடும் கிரேன், வெள்ளைச் சட்டை, சபையில் முதல் வரிசை நாற்காலி.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் சொன்னார் பாருங்கள், எனக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகமே வந்துவிட்டது.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுதானுங்க டீச்சர் சரி. பொம்பளைங்க சபையில வாயத் தொறக்கக்கூடாதுங்கறது பவுல் எழுதுனதே இல்லைங்களாமா. பின்னால வந்தவங்க யாரோ சேர்த்துப்போட்டாங்களாமா. நானும் யூடியூப்ல பாத்தேனுங்க."

சாத்தான் வேதம் ஓதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேத ஆராய்ச்சியும் செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்தப் பெரிய வெள்ளிக்கு முதல் வார்த்தைய நம்ம ரெபேக்காவுக்குக் குடுத்துடலாமுங்க. நீங்கதான் எழுதிக் குடுத்து, கொஞ்சம் பழக்கி உடோணும்."

ஏழு பேர், ஏழு வார்த்தை

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று உச்சிப்பொழுதிலிருந்து மூன்று மணி வரை எங்கள் கோயிலில் ஆராதனை நடக்கும். சிலுவையில் தொங்கியபடி இயேசு சொன்னதாகச் சுவிசேஷங்களில் உள்ள ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பீடத்தில் ஏறிப் பேசுவார்கள். யாருக்கு எந்த வார்த்தை என்பதில் இருக்கும் அரசியல் சட்டசபையில்கூட இருக்காது. தாகமாயிருக்கிறேன் என்ற ஐந்தாம் வார்த்தை சின்னது, அதைப் புதிதாகப் பேசுகிறவர்கள் தலையில் கட்டுவார்கள். முதல் வார்த்தை பெரிய இடத்துச் சொத்து. தன்னைச் சிலுவையில் அறைகிறவர்களை மன்னித்துவிடும்படி, அவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்று சொல்லி, இயேசு பிதாவிடம் கேட்கிற வார்த்தை அது. பல வருடமாக ஜெயசீலனின் மைத்துனர்தான் அதைப் பேசி அறுத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் யாரும் பேசியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெண்கள் ஞாயிறன்றுகூடப் பீடத்தில் ஏறக்கூடாது, கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பேச வேண்டும். பீடம் ஆம்பிளைக் கால்களுக்கென்று கட்டியது.

ரப்பர் டீச்சர்

நான் பள்ளிக்கூட டீச்சராவதற்கு முன் இறையியல் படித்தவள். போன வாரம் இதே பத்தியில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினேனே, அதே கல்லூரி. வகுப்பில் ஆண்கள் இருபத்துச் சொச்சம், பெண்கள் இரண்டே பேர். கிரேக்கத்தில் அவர்களில் பாதிப் பேர் என் நோட்டைப் பார்த்து எழுதித்தான் தேறினார்கள். தேறியவர்கள் எல்லாரும் பாஸ்டர்களானார்கள். எங்கள் பக்கம் அப்போது பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது. வேதத்தில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஒருநாள் பேராசிரியர் இரண்டு நகல் தாள்களைக் கொடுத்தார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒரே அதிகாரம், இரண்டு வேறு பழைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து. பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்ற பகுதி ஒன்றில் அதிகாரத்தின் நடுவில் இருந்தது. மற்றதில் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தது.

ஏன் அது ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது? யாரோ ஒருத்தர் தன் பிரதியின் ஓரத்தில் சொந்தக் கருத்தாகக் கிறுக்கி வைத்திருக்கலாம், அடுத்து நகலெடுத்தவர்கள் அதையும் கடிதத்தின் பகுதி என்று நினைத்து ஆளுக்கொரு இடத்தில் உள்ளே சேர்த்திருக்கலாம் என்றார். இதை எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அது தேவைப்படவில்லை.

இதே கடிதத்தில் கொஞ்சம் முன்னால், பெண்கள் சபையில் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார் அதே பவுல். வாயே திறக்கக்கூடாதவள் எப்படி ஐயா தீர்க்கதரிசனம் சொல்லுவாள்?

இன்னொன்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம். பெண் உபதேசிக்கக்கூடாது என்று அதில் வருகிறது. அதன் சொற்களும் நடையும், அதில் தெரிகிற சபை அமைப்பும் பவுலின் காலத்துக்குப் பொருந்தவில்லை, அவர் செத்த பிறகு அவர் பெயரைப் போட்டு வேறொருவர் எழுதியது என்று அறிஞர்களில் மிகப் பலர் சொல்லுகிறார்கள். அந்தக் காலத்தில் குருவின் பெயரில் சீடன் எழுதுவது வழக்கம்தான் என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுவார்கள். வழக்கமாகவே இருக்கட்டும். அந்த வழக்கத்தால் வாயடைத்துப்போனது நானல்லவா? நாற்பது வருடமாக எனக்கு இது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் கமிட்டியில் போய்ச் சொன்னேன். பெண்கள் ஞாயிறன்றாவது எங்களைப் பீடத்தில் ஏற விடுங்கள் என்றுதான் கேட்டேன், வேறொன்றுமில்லை.

ஜெயசீலன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்திப் பவுலையே திருத்த வந்துட்டாங்க. கையில ரப்பரைக் குடுத்தா வேதத்துல அட்டை மட்டுந்தானுங்க மிஞ்சும்."

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. அன்றிலிருந்து எனக்கு ஊரில் 'ரப்பர் டீச்சர்' என்று பெயர். பால்காரர்வரைக்கும் தெரியும்.

நான் குடித்த இளநீர்

அப்பேர்ப்பட்ட ஜெயசீலன் என் வீட்டுக்கு வந்து நான் சொன்னதுதான் சரி என்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. குளிர்ந்துபோனேன். அவரே வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தேன். கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் ரெபேக்கா யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற வேலைக்குப் போகிறவள். கணவன் இல்லை. ஒரே மகன் சாமு. முந்தின வருடம் மழைக்கு முன்னால், ஒரு தோட்டத்துக் கிணற்றில் வேலை முடிந்து அவன் கிரேன் தொட்டியில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தபோது இரும்பு ரோப் அறுந்துவிட்டது. ஆழம் எண்பது அடி. கீழே பாறை.

கிரேன் ஜெயசீலனுடையது.

போலீஸ் கேஸ் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும், பாவம், மனுஷனுக்கு மனசு உறுத்துகிறது, அவளுக்கு ஒரு மரியாதை செய்யப் பார்க்கிறார் என்று அவர் கேட்காமலே நான் அவருக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

நான்கு பக்கம் எழுதினேன். மன்னிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த அழகான வாக்கியங்களையெல்லாம் கொட்டினேன். ரெபேக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் சாயங்காலம் வேலை விட்டு என் வீட்டுக்கு வருவாள், நான் படிக்கப் படிக்கத் திருப்பிச் சொல்லுவாள். கைகளில் மட்டை நார் ஒட்டியிருக்கும். மூன்றாம் நாள் கேட்டாள்:

"டீச்சருங்க, மன்னிச்சுட்டேன்னு கட்டாயம் சொல்லோணுமுங்களா?"

"அந்த வார்த்தையே அதுதானே அம்மணி?"

அவள் கையில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பீடம் ஏறுகிற கூச்சம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன். இவ்வளவு படித்தவள் நான்.

ஸ்டுடியோக்காரரின் சந்தேகம்

குட்டை உடைத்தவர் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ. கபடு தெரியாத மனுஷர். குருத்தோலை ஞாயிறு முடிந்து இரண்டு நாள் கழித்து, பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால், எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், ஒரு டவுட்டுங்க. அந்தக்கா பேசறதுல மன்னிச்சுட்டேங்கற இடம் எத்தனாவது நிமிஷத்துல வருமுங்க? அந்த எடத்துல மூஞ்சி குளோசப்புல தெளிவா வரோணும்னு செயலாளர் சொன்னாருங்க. வக்கீலு கேட்டாராமா. நீங்கதான எழுதிக் குடுத்தீங்களாமா?"

போனை வைத்த பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது.

கேஸை முடிக்க வேண்டுமென்றால் தாய் எழுதித் தர வேண்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. ரெபேக்கா அதுவரை கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பியும் போடவில்லை. பாஸ்டரே நேரில் போய் ஜெபம் பண்ணிச் சொல்லியும் போடவில்லை. ஊர் முன்னால், பெரிய வெள்ளியன்று, பீடத்தில் நின்று மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் கையெழுத்துக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? அதற்காகத்தான் பவுல் அந்த வாக்கியத்தை எழுதவில்லை என்று ஜெயசீலனுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. அவளைப் பழக்கிக் கொடுக்கத்தான் ரப்பர் டீச்சர் தேவைப்பட்டாள்.

தூ! நாற்பது வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த படிப்பை எடுத்து ஒரு தாயின் கழுத்துக்குச் சுருக்குப் போட்டிருக்கிறான் அந்தப் பாவி. நானும் அதற்கு நார் திரித்துக் கொடுத்திருக்கிறேன்.

இல்லாத வாக்கியம்

அன்று மத்தியானமே களத்துக்குப் போய் ரெபேக்காவைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க டீச்சர். நீங்களும் அவங்க ஆளுதான்னு நெனச்சுட்டேனுங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் படிப்பைக் கொண்டே அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அந்த முதல் வார்த்தையே பழைய பிரதிகள் எல்லாவற்றிலும் இல்லை என்று சொன்னேன். இது நிஜம். லூக்கா சுவிசேஷத்தில் மட்டும்தான் அது வருகிறது. லூக்காவின் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் அந்த வாக்கியம் கிடையாது.

"இருந்தது எப்படிங்க இல்லாமப் போகும்?"

"பின்னாடி யாரோ சேர்த்ததுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, முதல்லயே இருந்துச்சு, இவங்களையெல்லாம் மன்னிக்கறதாவதுன்னு ஆத்திரப்பட்டு, பாத்து நகல் எழுதுனவர் யாரோ விட்டுட்டார்னு சிலர் சொல்றாங்க."

அந்த ஆத்திரம் யூதர்கள்மேல் இருந்த வெறுப்பு என்று என் பேராசிரியர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. வழக்கம்போல் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரெபேக்கா கீழே கிடந்த ஒரு மட்டையை எடுத்துக் குவியலில் போட்டாள்.

"எழுதாம உட்ட அந்தாளுக்கும் யாராச்சும் செத்திருப்பாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள்.

நான் விடவில்லை. அந்த வார்த்தையே சந்தேகம் என்று பீடத்தில் சொல்லிவிடு, மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆகிவிடும், புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"ஆண்டவரு சொன்னதில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. நீங்க உடுங்க டீச்சர். நான் பாத்துக்கறேனுங்க."

ஆனாலும் வீட்டுக்கு வந்து புதிதாக மூன்று பக்கம் எழுதினேன். பெரிய வெள்ளி காலையில் கோயில் வாசலில் அவள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பீடத்தில்

பங்குனி வெயில். ஓட்டுக் கூரைக்குக் கீழே எல்லாரும் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோக்காரர் கேமராவைப் பீடத்துக்கு நேராக நிறுத்தியிருந்தார். பாஸ்டர் பெயரைச் சொன்னதும் ரெபேக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினாள். எனக்குத் தெரிந்து அந்தப் படியில் துடைப்பம் இல்லாமல் ஏறிய முதல் பெண் அவள்தான்.

அவள் பேசியதை எனக்கு நினைவிருக்கிறபடி அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. எனக்குப் பேசத் தெரியாதுங்க. இந்த வார்த்தை சில பழைய பொஸ்தகத்துல இல்லைன்னு டீச்சர் சொன்னாங்க. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா அவரு சொல்லியிருப்பாருங்க. அவரு அப்படிப்பட்டவருதானுங்க.

"அவரு என்ன கேட்டாரு? இவங்க தெரியாம செய்யறாங்க, மன்னிச்சுருங்கன்னு கேட்டாரு. கிரேன் ரோப்பு நைஞ்சுபோயிருக்குதுன்னு எம்பையன் சாமு ரெண்டு தடவ சொன்னானுங்க. ஊட்டுக்கு வந்து என்றகிட்டயும் சொன்னான். மாத்திப்போடலாம்னு சொல்லியிருந்தாங்களாமா. அப்பத் தெரியுமில்லீங்களா?"

விசிறிக்கொண்டிருந்த தாள்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னொண்ணு மட்டும் கேட்டுப்போட்டு எறங்கிக்கறேனுங்க. சிலுவைக்குக் கீழ அவங்கம்மா நின்னுட்டு இருந்தாங்க. மகன் மன்னிச்சாரு. அந்தம்மா மன்னிச்சாங்கன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதுங்களா? பழசுல, புதுசுல, பின்னால சேர்த்ததுல, எதுலயாச்சும்? பக்கத்து ஊட்டு அக்காவ நாலு சுவிசேஷமும் படிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க. இல்லைங்க. மன்னிச்சயான்னு அந்தம்மாவ யாருமே கேக்கலைங்க. என்னைய மட்டும் ஏனுங்க கேக்கறீங்க?"

இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவள் மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து என்ன பாட்டு என்று பாஸ்டருக்கே மறந்துவிட்டது.

நாலு சுவிசேஷத்தையும் கிரேக்கத்தில் படித்தவள் நான். தாய் நிற்பது யோவானில், மன்னிப்பு வருவது லூக்காவில், இரண்டையும் கலக்கக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தாயிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எழுதியது யார்?

ஆராதனை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோயில் பக்கத்து அறையில் கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் உள்ளே போகும்போது ஜெயசீலன் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ பேசுனதா இது? மட்டை உரிக்கறவளுக்கு இத்தனை ரோசனை ஏதுங்க? எல்லாம் டீச்சர் எழுதிக் குடுத்தது. நம்ம ரப்பர் டீச்சர் வேலைங்க இது."

ஏழெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கூடவே ஒரு மரியாதையும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரு விநாடிக்காக நான் இன்றைக்கும் கூசுகிறேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஆத்திரம். எந்தக் கடிதத்தை யார் எழுதினார்கள், எந்த வாக்கியத்தை யார் நுழைத்தார்கள் என்று இரண்டாயிரம் வருடத்துத் தாள்களைப் புரட்டிப் புரட்டி ஆராய்கிறோம். இங்கே இருநூறு பேர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் கால் மணி நேரத்தில் அவள் பேச்சை அவளிடமிருந்து பிடுங்கிப் படித்தவள் பெயரில் பட்டா போட்டுவிட்டார்கள்.

பையிலிருந்த என் மூன்று பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் வீசினேன்.

"இதுதான் நான் எழுதுனது. படிங்க. சிலுவைக்குக் கீழ நின்ன அம்மாவைப் பத்தி ஒரு வரி இருக்குதான்னு பாருங்க. இருந்தா என்னைச் சபையைவிட்டே நீக்கிடுங்க!"

ஒருத்தரும் அந்தத் தாளைத் தொடவில்லை. "கோவப்படாதீங்க டீச்சர், தப்பில்லைங்களே, நல்லாத்தான எழுதியிருந்தீங்க" என்றார் ஒரு பெரியவர், சமாதானம் பண்ணுகிற குரலில். இன்றுவரை எங்கள் ஊரில் கேட்டால் அது டீச்சர் எழுதிக் கொடுத்தது என்றுதான் சொல்லுவார்கள். இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். அது ரெபேக்காவின் பேச்சு. அதில் என் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஈஸ்டர் கழிந்து சில வாரத்தில் ஒருநாள் களத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் கோர்ட்டுக் காகிதம்.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க டீச்சர். திங்கக்கெழம கோயமுத்தூரு போகோணும். நீங்களும் கூட வாரீங்களா?"

"வராம என்ன அம்மணி? என்ன கேப்பாங்க, எப்படிப் பதில் சொல்லணும்னு ஒரு தாள்ல குறிச்சு..."

"வேண்டாமுங்க" என்றாள் ரெபேக்கா. "பேசறத நான் பேசிக்கறேனுங்க. நீங்க சும்மா பக்கத்துல உக்காந்துக்கங்க, போதும்."

போனேன். அன்று முழுக்க நான் வாயே திறக்கவில்லை.